கொல்லையில் பூனை குட்டி போட்டிருக்கிறதா? முதல் நாளிலிருந்து கருத்தடை வரை செய்ய வேண்டியவை

மோட்டார் ரூமுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த தென்னை மட்டைகளை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். நான்கு குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கண்கூடத் திறக்கவில்லை. தாயைக் காணோம். பல வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி மூன்று குட்டிகளைப் பார்த்துவிட்டு, ஐயோ அநாதையாகக் கிடக்கிறதே என்று வீட்டுக்குள் தூக்கி வந்து, இங்க் ஃபில்லரில் பசும்பால் புகட்டி, ஐந்தே நாளில் மூன்றையும் பறிகொடுத்தேன். அந்த ஐந்து ராத்திரியும் பின்கதவுக்கு வெளியே ஒரு பூனை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது குட்டிகளைத் தேடுகிற தாய் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இந்தத் தடவை நான்கும் பிழைத்தன. நான் புதிதாக எதுவும் சாதிக்கவில்லை, தாயைத் தாயாக இருக்க விட்டேன், அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்: குட்டிகளைப் பிழைக்க வைப்பது தாயின் வேலை, தாயைக் கவனிப்பது உங்கள் வேலை.

முதல் வேலை: கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்

குட்டிகளைப் பார்த்தவுடன் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், அல்லது நீங்கள் அங்கே நிற்பதால் மதில்மேல் ஒளிந்துகொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வார்கள், அது அப்படியே உண்மை இல்லை. ஆனால் அந்த இடம் பத்திரமில்லை என்று அதற்குப் பட்டுவிட்டால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "அது ஏழு வீடு மாத்தும்மா, நீ கிட்டப் போகாத" என்றார். ஏழு என்பது ஒரு கணக்குக்குச் சொல்வது, விஷயம் சரிதான். நாம் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் அது இன்னும் சீக்கிரமாக மாற்றும், மாற்றுகிற இடம் பக்கத்து வீட்டுப் பரணாகவோ சாக்கடை ஓரமாகவோ இருக்கலாம், வழியில் ஒரு குட்டி விடுபட்டும் போகலாம்.

தொடாமலே நிறைய தெரிந்துகொள்ளலாம். குட்டிகள் சுத்தமாக, வயிறு உப்பலாக, சத்தமில்லாமல் தூங்குகின்றன என்றால் தாய் சமீபத்தில்தான் பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. உடம்பில் அழுக்கு, ஒட்டிய வயிறு, நிறுத்தாத கத்தல் என்றால் கவலைப்பட வேண்டும். கத்திக் கத்தி ஓய்ந்து அசையாமல் கிடக்கிற குட்டி இன்னும் ஆபத்தில் இருக்கிறது.

தாய் வருகிறதா என்று ஜன்னல் வழியாகப் பாருங்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காராதீர்கள். எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது இல்லையா, அதற்கு ஒரு வழி உண்டு. குட்டிகள் இருக்கிற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, சுற்றிலும் லேசாகக் கோலமாவு தூவி வையுங்கள். கல்மாவாக இருக்கட்டும், அரிசி மாவு வேண்டாம், எறும்பு வரும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாதத் தடம் பதிந்திருக்கும். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூவினேன், ஏழு மணிக்குப் பார்த்தால் வெள்ளை வளையத்தில் நான்கு சின்னப் பூ மாதிரி தடம், உள்ளே போனதும் திரும்பி வந்ததும். அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? கண் திறக்காத குட்டிகள் என்றால் நான்கு மணி நேரம் வரை, கொஞ்சம் வளர்ந்தவை என்றால் ஆறு, எட்டு மணி நேரம்கூடப் பொறுக்கலாம். ஆனால் குட்டியின் உடம்பு சில்லென்று இருந்தாலோ, எறும்பு மொய்த்தாலோ, மழைத்தண்ணீர் ஏறினாலோ, தெருநாய் உள்ளே வந்தாலோ உடனே இறங்கிவிடுங்கள்.

எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கொல்லையில் பிறந்த குட்டிகளுக்கு நாயைவிட மோசமான எதிரி சிவப்பெறும்பு. பிரசவ ஈரமும் ரத்தமும் இருக்கிற இடத்துக்குச் சாரை சாரையாக வரும், கண் இமையையும் தொப்புளையும் கடித்துக் குதறிவிடும். அதற்காக எறும்பு சாக்பீஸ் கோடு போடுவதோ, எறும்புப் பொடி தூவுவதோ கூடவே கூடாது. அதில் இருக்கிற மருந்து பூனைக்கு விஷம், தாய் அதை மிதித்துவிட்டு காலை நக்கும், அதே நாக்கால் குட்டியையும் நக்கும். பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, செங்கலுக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டு வையுங்கள், போதும்.

குட்டிகளுக்கு எத்தனை நாள் ஆகிறது?

இது தெரிந்தால்தான் அடுத்து என்ன என்று முடிவு செய்ய முடியும். தொப்புள்கொடி காய்ந்து தொங்குகிறது என்றால் நான்கைந்து நாளுக்குள்தான் இருக்கும். கண் திறப்பது ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள், ஒரு கண் முதலில், மற்றது ஒரு நாள் கழித்து என்று திறக்கும், பயப்பட வேண்டாம். மூன்று வாரத்தில் காது நிமிர்ந்து, தள்ளாடித் தள்ளாடி நடக்கும், முன்பல் முளைக்கத் தொடங்கும். நான்கு வாரத்தில் ஓடும், ஒன்றையொன்று கடித்து விளையாடும். எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலக்கண்தான், ஆறேழு வாரத்தில்தான் நிறம் மாறும், அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு ஜாதி என்று சொல்வதை நம்பாதீர்கள். ஒரே ஈற்றில் ஒன்று கறுப்பு, ஒன்று செம்மஞ்சள், ஒன்று வரி என்று இருப்பதும் சகஜம், ஒரே பிரசவத்தில் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பது பூனைகளில் நடக்கிற விஷயம்தான்.

பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும். தினம் 10 முதல் 15 கிராம் ஏறினால் நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். ஒரு மாதத்தில் 400, 450 கிராம், இரண்டு மாதத்தில் 800, 900 கிராம். தாய் பழகிய பூனையாக இருந்து உங்களை அனுமதித்தால் மட்டும் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்து எடை பாருங்கள். நான் பத்தாம் நாளிலிருந்து பார்த்தேன். கடைசிக் குட்டி இரண்டு நாள் தொடர்ந்து 142 கிராமிலேயே நின்றது. வெளிப்பார்வைக்கு அது மற்றவற்றைப் போலத்தான் இருந்தது, தராசு இல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மற்ற மூன்றும் முண்டியடித்ததில் அதற்கு நல்ல காம்பு கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை அதை எடுத்துத் தாயின் பின்பக்கத்துக் காம்பில் வைத்துவிட்டேன், நான்காம் நாள் எடை ஏறியது.

தாய்க்குச் சோறு வையுங்கள்

இதுதான் இந்த வேலையின் நடுமையம். பால் கொடுக்கிற பூனைக்குச் சாதாரண நாளைவிட இரண்டு, மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். வயிறு நிறைந்த தாய் இரை தேடி ரோட்டைக் கடக்காது, குட்டிகளை விட்டு நெடுநேரம் போகாது, இடம் மாற்றுகிற அவசரமும் குறையும்.

தயிர்ச்சோறும் பாலும் வைத்தால் போதும் என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. மனசு நல்ல மனசுதான், ஆனால் பூனை மாமிசம் தின்றே வாழ வேண்டிய பிராணி, அதற்குத் தேவையான டாரின் என்கிற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சல் போகும். மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்துக் கொஞ்சம் சோற்றோடு பிசைந்து கொடுங்கள், சோறு கொஞ்சமாக இருக்கட்டும். கோழிக்கடையில் ஈரலும் கழுத்துக்கறியும் மலிவாகத் தருவார்கள், கறியை வேகவைத்து எலும்பை நீக்கிக் கொடுக்கலாம், ஈரல் வாரத்துக்கு இரண்டு நாள் கொஞ்சம் போதும். சைவ வீடு என்றால் வேகவைத்த முட்டையும் கடையில் கிடைக்கிற பூனைத் தீவனமும். தீவனம் வாங்கினால் குட்டிகளுக்கானது என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அதில் சத்து அதிகம், பால் கொடுக்கிற தாய்க்கு அதுதான் ஏற்றது. குழம்பில் போட்ட மீன் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம்.

தட்டைக் குட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சாப்பாட்டு வாசனைக்கு நாயும் வரும், எறும்பும் வரும், கடுவன் பூனையும் வரும். கடுவன் சில சமயம் குட்டிகளைக் கொன்றுவிடும். பத்துப் பதினைந்து அடி தள்ளி, தினமும் அதே இடம், அதே நேரம். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும், பால் சுரக்கத் தண்ணீர் நிறைய வேண்டும், சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

முதல் வாரம் எங்கள் பூனை நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் மதிலிலிருந்து இறங்கியது. பத்தாவது நாள் கதவு திறந்திருக்கும்போதே வந்தது. அதற்கடுத்த வாரம் நான் படியில் உட்கார்ந்திருக்க, மூன்றடி தள்ளி நின்று சாப்பிட்டுவிட்டு, மட்டைகளுக்குள் போகும்போது "ம்ர்ர்" என்று ஒரு சத்தம் கொடுத்தது. உள்ளேயிருந்து நான்கும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பெட்டியும் இடமும்

இருக்கிற இடம் பத்திரமாக இருந்தால் மாற்றவே மாற்றாதீர்கள். மழைக்கு மேலே ஒரு தகரமோ தார்ப்பாயோ, வெயிலுக்கு நிழல், அவ்வளவே. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்குகிற இடம் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது ஒரு நல்ல அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் வாசல் வெட்டி, வாசலின் அடியில் அரையடி விளிம்பு விட்டு வையுங்கள், தாய் தாண்டும், குட்டி உருண்டு வெளியே வராது. உள்ளே பழைய காட்டன் புடவையோ வேட்டியோ. டர்க்கி டவல் வேண்டாம், நூல் வளையத்தில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். பெட்டியைப் பழைய இடத்திலிருந்து சில அடி தூரத்தில், தாய் பார்க்கிற மாதிரி வைத்து, கையில் அந்த இடத்துத் துணியைத் தேய்த்துக்கொண்டு குட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றிவிட்டு விலகிப் போங்கள். தாய் வந்து, பெட்டியை ஏற்றுக்கொள்ளலாம், இல்லை தானே வேறு இடத்துக்குக் கவ்விக்கொண்டு போகலாம். கவ்வும்போது குட்டி கைகால் மடக்கி அசையாமல் தொங்கும், வலிக்குமோ என்று குறுக்கே போகாதீர்கள்.

வீட்டுக்குள் ஒரு அறை கொடுக்க முடிந்தால் ரொம்ப நல்லது, ஆனால் தாயோடு சேர்த்துத்தான். மனிதரிடம் வந்து உரசுகிற, வாலைத் தூக்கிக்கொண்டு வருகிற பூனை என்றால் யாரோ வளர்த்து விட்டுவிட்டது, அது உள்ளே இருக்கும். சீறுகிற, ஓரமாக ஒடுங்குகிற பூனையைப் பிடித்து அறையில் அடைத்தால் பயத்தில் குட்டிகளையே நிராகரிக்கலாம். அதைக் கொல்லையிலேயே இருக்க விடுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று அந்த இடத்தில் பினாயில், டெட்டால் ஊற்றாதீர்கள், இரண்டும் பூனைக்கு விஷம். பூனை வராமல் இருக்க அந்துருண்டை போடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு, அதுவும் விஷம்தான். பக்கத்து வீட்டில் எலிமருந்து வைக்கிறார்களா என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள், குட்டிகள் இருக்கிற இரண்டு மாதம் எலிக்கூண்டு வையுங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

தாய் உண்மையிலேயே வரவில்லை என்றால்

காத்திருந்தும் வரவில்லை, அல்லது ரோட்டில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டீர்கள். அப்போதுதான் நீங்கள் தாயாக மாற வேண்டும், அது ராப்பகல் வேலை என்று தெரிந்தே இறங்குங்கள். அதற்கு முன் ஒரு முயற்சி: அக்கம்பக்கத்தில், விலங்குநல அமைப்புகளில், பால் கொடுக்கிற வேறு பூனை இருக்கிறதா என்று கேளுங்கள். ஏறக்குறைய அதே வயதுக் குட்டிகள் உள்ள தாய் பல சமயம் சேர்த்துக்கொள்ளும். நம் எந்தப் பாட்டில் பாலையும்விட அது மேல்.

கிடைக்கவில்லை என்றால், முதலில் சூடு, அப்புறம்தான் பால். இந்த வரிசையை மாற்றினால் குட்டி செத்துப்போகும். உடம்பு குளிர்ந்த குட்டியின் வயிறு வேலை செய்யாது, உள்ளே போன பால் செரிக்காமல் கெட்டுப்போகும். முதல் மூன்று நான்கு வாரம் அவற்றால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இன்னொரு பக்கம் வேண்டும். முதல் வாரத்தில் குட்டி படுத்திருக்கிற இடம் 30 டிகிரி போல இருக்கட்டும். நம் கோடையில் அது தானாகவே இருக்கும், மார்கழியிலும் மழை ராத்திரியிலும்தான் ஏமாந்துபோவோம்.

பால் என்றால் பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கிற பால் பவுடர், பெட் கடைகளில் கிடைக்கும், கால்நடை மருத்துவரும் சொல்வார். பசும்பாலில் பூனைப்பாலில் உள்ள அளவு புரதமும் கொழுப்பும் இல்லை, லாக்டோஸ் அதிகம், கழிச்சலில் நீர் வற்றிப்போகும். என் மூன்று குட்டிகளும் அப்படித்தான் போயின. ராத்திரி கடை இல்லை என்றால் மருத்துவருக்கு போன் செய்து, விடியும்வரை என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள்.

குட்டியை மல்லாத்திப் பிடித்துப் பால் கொடுக்காதீர்கள், கைக்குழந்தை மாதிரி படுக்க வைத்தால் பால் நுரையீரலுக்குள் போகும். துணி மேல் குப்புற, தலை லேசாகத் தூக்கியபடி, தாயிடம் குடிக்கிற மாதிரி. ஊசி இல்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, அது சப்புகிற வேகத்துக்கு, பீச்சக் கூடாது. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி போல. முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரண்டாம் வாரம் மூன்று மணிக்கு, அதன்பின் நான்கு மணிக்கு, ராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வயிற்றுக்கு அடியிலும் ஆசனவாயிலும் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். மூன்று வாரம் வரை அவை தானாக மூத்திரம் போகாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். இது தெரியாமல் பால் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

நோய், மருந்து, கடி

கண் ஒட்டிக்கொண்டு சீழ் வந்தால், ஆறிய வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள், வீட்டில் மிச்சமிருக்கிற கண் சொட்டு மருந்தைப் போடாதீர்கள், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் பார்வையே போகலாம். தெள்ளுப்பூச்சி மொய்த்தால் சின்னக் குட்டிக்கு ரத்தச்சோகை வரும், ஈறு வெளுத்திருக்கும். பல் நெருக்கமான சீப்பால் வாரி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய்களுக்கான தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்து இருந்தால் வலிப்பு வந்து செத்துவிடும். இன்னொன்று, காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுப்பது. ஒரே ஒரு மாத்திரை வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும்.

குடற்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும், வயிறு பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு தெரியும். மூன்று வாரத்திலிருந்து எடைக்கு ஏற்ற அளவில் புழு மருந்து தரலாம், அளவை மருத்துவர் சொல்லட்டும். தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசி 12 வாரத்துக்குப் பிறகு. பான்லூகோபீனியா என்கிற வைரஸ் வந்தால் வாந்தி, கழிச்சல், ஓரிரு நாளில் குட்டிகள் வரிசையாகச் சாகும், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் போன தடவை குட்டிகள் அப்படிச் செத்த இடம் என்றால் புதுக் குட்டிகளை அங்கே விடாதீர்கள்.

உங்கள் உடம்பும் முக்கியம். பூனை கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ரேபிஸ் ஊசி அங்கே இலவசம், முதல் நாள் போட்டுவிட்டு 3, 7, 28 ஆம் நாட்களிலும் போட்டு முடிக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் கழிவைச் சுத்தம் செய்யும் வேலையை வேறு யாராவது, தினமும், கையுறை போட்டுச் செய்யட்டும். கருவிலிருக்கிற குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், அதனால் தினசரிச் சுத்தமே பெரிய பாதுகாப்பு. கர்ப்பிணி இருக்கிற வீட்டிலிருந்து பூனையையே விரட்ட வேண்டும் என்பதில்லை.

நான்கு வாரத்துக்கு மேல்

இப்போது நீங்கள் அருகில் போகலாம், போகவும் வேண்டும். இரண்டிலிருந்து ஏழு வாரம் வரைதான் குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்கிற காலம், அதைத் தவறவிட்டால் பிறகு வீட்டுக்குக் கொடுப்பது கஷ்டம். தினமும் இரண்டு மூன்று தடவை, பதினைந்து நிமிஷம் கையில் வைத்திருங்கள், குழந்தைகளை உட்கார வைத்து மடியில் விடச் சொல்லுங்கள், துரத்த விடாதீர்கள். வேகவைத்த கோழியைப் பிய்த்து, வெந்நீர் விட்டு மசித்துத் தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் அதில் நடப்பார்கள், இரண்டாம் நாள் நக்குவார்கள். ஒரு பிளாஸ்டிக் தட்டில் சலித்த மணல் போட்டால் தாமாகவே தோண்டிப் போகப் பழகிவிடும், கட்டிபிடிக்கிற கடைமணல் இந்த வயதுக்கு வேண்டாம், தின்றுவிடும்.

எட்டு வாரம் முடியாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். என்னிடம் ஐந்தாவது வாரத்திலேயே கேட்டார்கள், குட்டி குட்டியாக இருக்கும்போதே வேண்டும் என்று. மறுத்துவிட்டேன். கடிக்கிற வேகத்தை அடக்குவதையும் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதையும் அது தாயிடமும் கூடப்பிறந்தவைகளிடமும்தான் கற்கிறது. கேட்பவரிடம், மாடி வீடு என்றால் பால்கனிக்கு வலை இருக்கிறதா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், கருத்தடை செய்வீர்களா என்று கேளுங்கள், முடிந்தால் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். இரண்டாகச் சேர்த்துக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் குட்டிகள் இரண்டு ஒரே வீட்டுக்குப் போயின.

மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழைக்காது. ஏற்கெனவே அங்கே இருக்கிற பூனைகளும் நாய்களும் விடாது. பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே பிராணிகளைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடைசி வேலை: தாய்க்குக் கருத்தடை

இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலை. பூனையின் கர்ப்பகாலம் ஒன்பது வாரம்தான், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும். வருஷத்துக்கு இரண்டு, மூன்று ஈற்று, ஒவ்வொன்றிலும் நான்கு. பெண்குட்டிகளும் நான்கைந்து மாதத்தில் சினைப்பருவத்துக்கு வந்துவிடும். அந்தத் தாயின் வயிறும் எலும்பும் எவ்வளவு தாங்கும்?

குட்டிகள் எட்டு வாரத்தில் பால் மறந்ததும், இரண்டு வாரம் பால் வற்ற விட்டு, அறுவை சிகிச்சைக்கு நாள் வாங்குங்கள். நாள் தள்ளினால் மறுபடி கர்ப்பம் என்ற நிலைமை என்றால் அதற்கு முன்னாலேயே செய்யலாம், கருத்தடைக்குப் பிறகும் பால் சுரக்கும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புளூ கிராஸ் என்கிற விலங்குநல அமைப்பு ஆகியவற்றில் விசாரிக்கலாம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மற்ற ஊர்களில் கால்நடை மருந்தகத்தில் பூனைக்குச் செய்வீர்களா என்று முதலிலேயே கேளுங்கள், மாடு ஆடு பார்க்கிற இடங்களில் சில சமயம் வேறு மருத்துவரின் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள்.

பிடிப்பதுதான் கஷ்டம் என்பார்கள். கஷ்டமில்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பத்து நாளைக்கு முன்னாலேயே கூண்டைத் திறந்து வைத்து, கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, அதன் தட்டைக் கூண்டின் வாசலில் வையுங்கள், ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே தள்ளுங்கள். எங்கள் பூனை எட்டாம் நாள் முழுதாக உள்ளே போய்ச் சாப்பிட்டது. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை, உள்ளே சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து கதவைச் சாத்தினேன். முதலில் முட்டி மோதியது, ஒரு பழைய போர்வையால் கூண்டை முழுக்க மூடியதும் இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அதன்பின் காலைவரை சாப்பாடு கிடையாது, மயக்க மருந்தில் வாந்தி எடுத்தால் ஆபத்து.

மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: தானாகக் கரைகிற தையல் போட முடியுமா, காது நுனியை வெட்டிவிட முடியுமா. கரைகிற தையல் என்றால் பிரிக்க மறுபடி பிடிக்க வேண்டாம். காது நுனி மயக்கத்திலேயே வெட்டப்படுவதால் வலி தெரியாது. நாளைக்கு வேறு யாராவது அதைப் பிடித்தால், ஏற்கெனவே கருத்தடை ஆனது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும், இன்னொரு தடவை வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது.

திரும்பக் கொண்டுவந்ததும் உடனே விடாதீர்கள். குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் ஐந்து நாள், அதே கூண்டையோ பெரிய கூண்டையோ நிழலில் வைத்து, அடியில் துணி மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருங்கள். தினம் ஒரு தடவை வயிற்றைத் தள்ளி நின்று பாருங்கள். தையல் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, இரண்டாம் நாளும் சாப்பிடாவிட்டாலோ போன் செய்யுங்கள். விடுவது பிடித்த அதே இடத்தில், பகலில்.

கதவைத் திறந்ததும் எங்கள் பூனை மதில் தாண்டி ஓடியே போய்விட்டது. இரண்டு நாள் வரவில்லை. உங்களுடையதும் அப்படிப் போனால் தேடிக்கொண்டு அலையாதீர்கள், வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்துக்குத் தட்டை வைத்துக்கொண்டிருங்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மத்தியைப் பிசைந்துகொண்டு வெளியே வந்தபோது அது துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது, நுனி வெட்டிய காதோடு.